எவ்வளவு ஆகும் டாக்டர்?

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ஊர்ல இருக்கற நண்பர்கள் என்கிட்ட ஒரே கேள்வியைத்தான் கேட்பாங்க.

"ஏம்ப்பா, அவ்வளவு பணக்கார நாடு. அங்க ஆஸ்பத்திரி பில்லுக்கும் இன்சூரன்ஸுக்கும் தேர்தல்ல ஏன் இவ்வளவு சண்டை?"

போன்ல ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால இங்கே கொஞ்சம் நீளமாவே எழுதுறேன். பொறுமையா படிங்க.

2011 செப்டம்பர் 12. டெக்சாஸில் ஒரு மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் ரெசிடென்டாக இருந்தேன். அன்னைக்கு நைட் டியூட்டி. டாக்டர்கள் ஓய்வறை டிவியில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆக ஆசைப்படுறவங்க எல்லாரும் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் விவாதம் பண்ணிக்கிட்டிருந்தாங்க.

மேடையில் ரான் பால் இருந்தார். டெக்சாஸ் எம்.பி., அதோட பிரசவ மருத்துவர். அரசு எதிலும் தலையிடக் கூடாது, சந்தையை அதன் போக்கில் விடணும் என்பதில் ஊசிமுனை அளவுகூட விட்டுக்கொடுக்காத மனிதர்.

நெறியாளர் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். முப்பது வயசு ஆள். நல்ல வேலை. மாசம் 200, 300 டாலர் கட்டி இன்சூரன்ஸ் எடுக்க முடியும், ஆனா வேண்டாம்னு விட்டுட்டார். திடீர்னு கோமா. ஆறு மாசம் தீவிர சிகிச்சை. யார் பணம் கட்டுறது?

சுதந்திரம்னா அவரவர் ரிஸ்க்கை அவரவர் சுமக்கிறதுதான் என்பது ரான் பாலின் பதில். அப்போ சமூகம் அவரைச் சாக விட்டுடணுமா என்று நெறியாளர் திருப்பிக் கேட்டார். கூட்டத்தில் சில பேர் "ஆமா" என்று கத்தினாங்க.

ரான் பால் அப்படிச் சொல்லலை, அதையும் சொல்லிடணும். அறுபதுகளில் தான் வேலை பார்த்த மருத்துவமனையில் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை, சர்ச்சுகளும் அக்கம்பக்கத்தாரும் பார்த்துக்கிட்டாங்க என்றார்.

உண்மையைச் சொல்றேன். கத்தினவங்களைப் பார்த்து எனக்கு முகம் சுளிச்சது. ஆனா அவர் சொன்ன தர்க்கம் நியாயமாத்தான் பட்டுச்சு. என் சம்பளத்தில் மாசாமாசம் இன்சூரன்ஸுக்குப் பிடிக்கிறாங்க. நான் எறும்பு மாதிரி சேர்த்து வைக்க, வெட்டுக்கிளிக்கும் சேர்த்து நான் ஏன் கட்டணும்?

அவங்க வாதத்தில் வலுவான பகுதியும் இருக்கு. பில்லை வேறொருத்தர் கட்டினா விலை என்னன்னு நோயாளியும் கேட்க மாட்டார், மருத்துவமனையும் குறைக்காது. அமெரிக்காவில் கண்ணாடி போடாமல் இருக்கச் செய்யும் லேசர் சிகிச்சைக்குப் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கிடையாது. அதனால அங்கே கண் மருத்துவமனைகள் விலையைப் போட்டே விளம்பரம் பண்ணும். மற்ற சிகிச்சைக்கு அப்படி விளம்பரம் பார்த்திருக்கீங்களா?

அது மட்டுமில்ல. அங்கே இன்சூரன்ஸ் வேலையோடு ஒட்டிக்கிட்டதே சந்தை செய்த காரியம் இல்லை. இரண்டாம் உலகப் போர் நேரத்தில், 1942-ல், அரசு சம்பள உயர்வுக்குத் தடை போட்டது. ஆளைப் பிடிக்க கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதிலா இன்சூரன்ஸ் கொடுத்தன. 1954-ல் வரிச் சட்டமும் அந்தச் சலுகைக்கு வரி இல்லைன்னு உறுதிப்படுத்திடுச்சு. போருக்காகக் கட்டின தற்காலிகப் பந்தல், அப்படியே வீடாயிடுச்சு. வேலை போனா இன்சூரன்ஸும் போகும் என்கிற நிலைமை அங்கிருந்து வந்ததுதான்.

இதெல்லாம் படிச்சிட்டு நானும் பாதி சந்தைக் கட்சியா இருந்தேன்.

நவம்பரில் ஒரு ராத்திரி அவர் வந்தார்.

38 வயசு. வீடுகளுக்கு டைல்ஸ் போடுற வேலை. சொந்தத் தொழில்தான், முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. ரத்த அழுத்தம் இருந்ததால தனியா இன்சூரன்ஸ் எடுக்கப் போனப்போ பிரீமியம் ரொம்ப ஏத்திச் சொல்லியிருக்காங்க. விட்டுட்டார். பிறகு மாத்திரையையும் நிறுத்திட்டார்.

நெஞ்சு வலி. ஈசிஜி-யில் சின்ன மாற்றம். ரத்தத்தில் ட்ரோபோனின் கொஞ்சம் கூடியிருக்கு. மாரடைப்பின் ஆரம்பம். "அட்மிட் ஆகணும், நாளைக்கு ஆஞ்சியோகிராம் பண்ணணும்" என்றேன்.

"எவ்வளவு ஆகும் டாக்டர்?"

தெரியலை. நர்ஸைக் கேட்டேன், அவருக்கும் தெரியலை. பில்லிங் பிரிவுக்குப் போன் போட்டேன், காலை எட்டு மணிக்குத்தான் ஆள் வருவாங்க. சீனியரை எழுப்பிக் கேட்டேன். "யாருக்குத் தெரியும்?" என்றார்.

திரும்பிப் போய் தெரியலைன்னு சொன்னேன்.

அவர் கோபப்படலை. "நான் ஒரு பாத்ரூமுக்கு டைல்ஸ் போடணும்னாகூட முதல்ல ரேட் சொல்லிடுவேன் டாக்டர்" என்றார்.

உயிர் முக்கியம்னு சொன்னேன். மனைவிக்குப் போன் பண்ணச் சொன்னேன். அவருக்கு லோன்ல வாங்கின வேன் இருந்தது. பில் வந்தா வேன் போகும், வேன் போனா தொழில் போகும். அவர் கணக்கு அவருக்குத் தெளிவா இருந்தது. மருத்துவர் சொல்லியும் கேட்காமல் போகிறேன் என்கிற படிவத்தில் கையெழுத்துப் போட்டுட்டு, ஆஸ்பிரின் சீட்டை வாங்கிக்கிட்டுப் போயிட்டார்.

நாலாம் நாள் ஆம்புலன்ஸில் வந்தார். உயிர் பிழைச்சார். ஆனா இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேத்தற ரத்தத்தின் அளவு 25 சதவீதமா குறைஞ்சு போயிருந்தது. நல்ல இதயத்தில் 55-க்கு மேல இருக்கும். முட்டி போட்டு டைல்ஸ் ஒட்டுற வேலை அதோட முடிஞ்சது.

அந்த மருத்துவமனையிலேயே வருமானம் குறைஞ்சவங்களுக்குப் பில்லைக் குறைக்க ஒரு விண்ணப்பம் இருந்தது. அன்னைக்கு அது எனக்குத் தெரியாது. ரெண்டாவது தடவை அவர் வந்தப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். இன்னைக்கும் உறுத்துற விஷயம் அது.

அந்த மனுஷனைப் பொறுப்பில்லாத வெட்டுக்கிளின்னு என்னால சொல்ல முடியலை. பொருளாதாரப் பாடத்தில் வர்ற நல்ல வாடிக்கையாளர் என்ன செய்யணுமோ அதைத்தான் அவர் செஞ்சார். விலை கேட்டார். விலை சொல்லாத கடையை விட்டு வெளியே போனார்.

கென்னத் ஆரோ என்ற பொருளாதார அறிஞர் 1963-லேயே இதை எழுதியிருக்கார். நோய் எப்போ வரும்னு தெரியாது, எந்தச் சிகிச்சை தேவைன்னு வாங்குறவருக்குத் தெரியாது, விக்கிறவருக்குத்தான் தெரியும். அதனால மருத்துவம் மற்ற சந்தை மாதிரி இயங்காது என்றார். அவர் பிற்பாடு நோபல் பரிசும் வாங்கினவர்.

சரி, டாம்பா மேடையில் கேட்ட கேள்விக்கு வருவோம். சாக விடணுமா? சட்டப்படி விட முடியாது. 1986-ல் வந்த ஒரு சட்டப்படி, அவசரப் பிரிவுக்கு வர்றவரைப் பணம் இல்லைன்னு பெரும்பாலும் எந்த மருத்துவமனையும் திருப்பி அனுப்பக் கூடாது. கையெழுத்துப் போட்டவர் யார் தெரியுமா? தடையற்ற சந்தையின் நாயகன் ரொனால்ட் ரீகன்.

ஆனா அந்தச் சட்டம் ஆபத்தான கட்டத்தைத் தாண்ட வைக்கச் சொல்லுது, அவ்வளவுதான். பில் வரத்தான் செய்யும். ஆரம்பத்துல கொடுக்க வேண்டிய ரத்த அழுத்த மாத்திரைக்கு அதில் இடமில்லை.

அதாவது கோமாவில் வந்தா காப்பாத்துவோம். மாத்திரை கட்டத்தில் வந்தா கைவிடுவோம். கூட்டத்தில் கத்தினவங்களைப் பார்த்து முகம் சுளிச்ச நாமும் நடைமுறையில் வேற இடத்தில் "ஆமா"ன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கோம்.

இதில் சிக்கனமாவது உண்டா? அதுவும் இல்லை. உழைக்க முடியாதவர்னு அரசு ஒப்புக்கொண்டு உதவித்தொகை கொடுக்க ஆரம்பிச்சாலும், மெடிகேர் காப்பீட்டுக்குப் பெரும்பாலானவங்க மேலும் 24 மாசம் காத்திருக்கணும். அதுக்குப் பிறகு இதயத்துக்கான செலவை அரசே ஏத்துக்கும். மாத்திரைக்குக் கொடுக்காத பணத்தை ஐசியூ-வுக்குக் கொடுப்பாங்க.

அதிபர் ஆசைக்காரர்கள் என்ன செய்தாங்க? 2008-ல் எல்லாரும் கட்டாயம் இன்சூரன்ஸ் எடுக்கணும்னு சொன்னவர் ஹிலாரி கிளின்டன். அதை எதிர்த்தவர் ஒபாமா. 2010-ல் அதே கட்டாயத்தைச் சட்டமாக்கினவரும் ஒபாமாதான். மிட் ராம்னி 2006-ல் மாசசூசெட்ஸ் ஆளுநரா இருந்தப்போ அதே கட்டாயத்தைக் கொண்டு வந்தார். 2012-ல் ஒபாமாவின் சட்டத்தை ரத்து செய்வேன்னு ஓட்டுக் கேட்டார். கமலா ஹாரிஸ் எல்லாருக்கும் மெடிகேர் என்ற மசோதாவை 2017-ல் ஆதரிச்சார், 2024-ல் அதைக் கைவிட்டார். அதே 2024 விவாதத்தில் உங்க திட்டம் என்னன்னு கேட்டப்போ, திட்டத்துக்கான யோசனைகள் இருக்குன்னு டிரம்ப் சொன்னார்.

ரான் பால் மட்டும் மாறலை, அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனா ஒரு செய்தியைப் பின்னாடி படிச்சேன். 2008-ல் அவருக்காகத் தேர்தல் வேலையை முன்னின்று நடத்தினவர் அதே ஆண்டு நிமோனியாவில் இறந்து போனார். வயசு 49. இன்சூரன்ஸ் இல்லை. மருத்துவமனை பில் சுமார் 4 லட்சம் டாலர். நண்பர்கள் நன்கொடை திரட்டினாங்க. அன்பு இருந்தது, நட்பு இருந்தது. அந்தத் தொகைக்கு முன்னாடி அது எவ்வளவு தூரம் போகும்?

2014-லிருந்து பழைய நோயைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் மறுக்கவோ, பிரீமியத்தை ஏத்தவோ முடியாது. 2021-லிருந்து மருத்துவமனைகள் விலைப்பட்டியலை வெளியிடணும்னு விதியும் வந்திருக்கு. ரெண்டும் நல்லது. ஒண்ணு அரசு வேணும்கிறவங்க கேட்டது, இன்னொண்ணு சந்தை வேணும்கிறவங்க கேட்டது. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு யாரும் விலைப்பட்டியல் ஒப்பிட்டுப் பார்க்க மாட்டாங்க.

அதனால இப்போ எந்த வேட்பாளர் பேசினாலும், எந்தக் கட்சின்னு நான் பார்க்கிறதில்லை. அந்த டைல்ஸ்காரரை அந்தத் திட்டத்துக்குள்ள நிறுத்திப் பார்ப்பேன். அவருக்கு மாத்திரை கிடைக்குமா? அவர் கேட்ட கேள்விக்கு அந்த ராத்திரியே பதில் கிடைக்குமா?

நண்பர்களே, உங்க கேள்விக்கு என் பதில் இதுதான். அந்தச் சண்டை பில்லுக்காக இல்லை. நோய் வந்த மனுஷன் வாடிக்கையாளரா, நோயாளியா என்று அந்த நாடு இன்னும் முடிவு பண்ணலை. அதுவரைக்கும் சண்டை ஓயாது.