சலிப்பு யாருடையது?

மொழிபெயர்ப்பில் நான் செய்த தவறுகளுக்குக் கணக்கில்லை. ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் ஒரு ஆங்கிலக் கட்டுரை என் மேஜைக்கு வந்தது. மறுநாள் காலைக்குள் தமிழில் வேண்டும். பிரிட்டனின் ரேவ் நடனக் கூட்டங்களைக் கருவாகக்கொண்டு, குறித்த எண்ணிக்கையில் மட்டும் அச்சிட்டுக் கையெழுத்துடன் விற்கப்படும் படங்களைப் பற்றியது. ரேவ் என்றால் ஏதோ போதைக் கூத்து என்பதுதான் அதுவரை என் ஞானம். தமிழ் எம்.ஏ.வில் இதெல்லாம் பாடமில்லையே.

1980களின் கடைசியில் அங்கே காலிக் கிடங்குகளிலும் வயல்வெளிகளிலும் இளைஞர்கள் விடிய விடிய ஆடினார்கள். இடம் கடைசி நேரம்வரை ரகசியம். துண்டுப் பிரசுரத்தில் இருக்கும் எண்ணுக்கு இரவில் போன் செய்தால்தான் வழி தெரியும். 1992 மே மாதம் காசில்மார்ட்டன் புல்வெளியில் 20,000 பேருக்கு மேல் கூடி, பல நாள் கலையவில்லை. மிரண்டுபோன அரசு 1994இல் சட்டம் கொண்டுவந்தது. திரும்பத் திரும்ப அடுத்தடுத்து விழும் தாளங்களே பெரும்பகுதியாக உள்ள ஒலிகளும் 'இசை'யில் அடங்கும் என்றது அந்தச் சட்டம். இரவில், திறந்தவெளியில் அது அலறினால் போலீஸ் கூட்டத்தைக் கலைக்கலாம்.

இந்த வரியில் இருந்தபோதுதான் தெருவில் கல்யாண ஊர்வலம் வந்தது. டிரம்பெட், டோல், ஜெனரேட்டர் விளக்கு. அரை மணி நேரம் என் ஜன்னலுக்குக் கீழேயே நின்று ஒரே பாட்டை வாசித்தார்கள். எரிச்சலில் 'சலிப்பூட்டும் ஒரே தாளம்' என்று எழுதிவிட்டேன். அப்படியே அச்சேறியது. சட்டம்கூடச் சலிப்பு என்று சொல்லவில்லை. அது நான் போட்ட தீர்ப்பு. ஒரு வாசகர்கூடக் கண்டித்து எழுதவில்லை என்பது வேறு விஷயம்.

கட்டுரையோடு வந்த படங்களை அச்சான பிறகுதான் நிதானமாகப் பார்த்தேன். அதில் ஒன்று, 2004இல் டர்னர் பரிசு பெற்ற ஜெரமி டெல்லரின் 'உலக வரலாறு'. பேர்தான் பெரிது, பார்க்க வாத்தியார் கரும்பலகையில் கிறுக்கியதுபோல இருக்கும். ஒரு பக்கம் ஆசிட் ஹவுஸ், இன்னொரு பக்கம் பாண்டு வாத்தியம். இடையே கோடுகள், அம்புக்குறிகள், சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம், காசில்மார்ட்டன். சுரங்கத்துக்கும் ஆலைக்கும் சொந்தமாக பாண்டு குழு இருந்த நாடு அது. தொழில் நசிந்து பூட்டிய கிடங்குகளில்தான் அடுத்த தலைமுறை ஆடியது. டெல்லர் 1997இல் ஒரு பாண்டு குழுவையே ஆசிட் ஹவுஸ் மெட்டுகளை வாசிக்க வைத்தார்.

என் ஜன்னலுக்குக் கீழே நின்றதும் பாண்டுதான். அந்த டிரம்பெட் இங்கே வந்ததும் வெள்ளைக்காரன் ராணுவத்தோடுதான்.

இலவசமாக விநியோகித்து, காலடியில் மிதிபட்ட துண்டுப் பிரசுரத்தின் வாரிசுக்கு இன்று பென்சிலில் '12/100' என்று எண் போட்டு விலை வைக்கிறார்கள். எனக்கு இது ரசிக்கவில்லை. ஆனால் திரை அச்சு என்பதே திரும்பத் திரும்பச் செய்யும் வேலை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு முறை மை இழுக்க வேண்டும். ஒவ்வொரு பிரதியிலும் மை ஒரு மயிரிழை விலகலாம். கூர்ந்து பார்ப்பவருக்கு நூறும் நூறு மாதிரி.

நான் பாதுகாத்து வைத்திருக்கும் கட்டுரை நறுக்கில் 'சலிப்பூட்டும்' என்பதை அடித்து, 'திரும்பத் திரும்ப ஒலிக்கும்' என்று எழுதியிருக்கிறேன். டெல்லரின் அச்சை வாங்க வசதியில்லை. ஜெராக்ஸ் எடுத்து அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். எண் போடவில்லை.