ஒட்டு

அந்தக் காலத்தில் படப்பெட்டி பஸ் கூரையிலிருந்து இறங்கியதும் நான் முதலில் பார்ப்பது ஒட்டுகளைத்தான். ரீலை ரீவைண்டரில் மாட்டி வலது கையால் சுற்றுவேன். இடது கையின் இரண்டு விரல் பிலிமின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருக்கும். நெருடினால் நிறுத்திவிட வேண்டும். ஓட்டை கிழிந்திருக்கும், இல்லை பழைய ஒட்டு விட்டுக்கொண்டிருக்கும். 1,000 அடி ரீலில் 16,000 பிரேம், ஓடுவது 11 நிமிடம். அப்படிப் பதினைந்து, பதினாறு ரீலும் விரல்வழி போய்த்தான் மெஷினில் ஏறும்.

வேடசந்தூர்ப் பக்கம் டூரிங் கொட்டகைகளில் ஆபரேட்டராக இருந்தேன். ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் திருச்சியில் ஒரு புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினாரே, அந்த வழியில் வந்த தொழில். மதுரை, திண்டுக்கல் டவுன், ஒட்டன்சத்திரம் எல்லாம் ஓடி முடித்த பிறகே எங்களுக்குப் பெட்டி வரும். 1973 மே 11இல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியானது. ஊரே அந்தப் படத்தைப் பேசியது. எங்கள் மணல்தரைக்கு அது வந்து சேர்ந்தபோது திரை முழுக்கக் கோடு விழுந்து மழை பெய்தது.

பிலிம் கேட்டில் சிக்கி நின்றால் கார்பன் வெளிச்சத்தின் சூட்டில் திரை நடுவே பழுப்பாக ஒரு கொப்புளம் கிளம்பி விரியும். விசில் பறக்கும். அந்தப் பதற்றத்தில்தான் கை நிதானமாக இருக்க வேண்டும். கருகிய பிரேமை மட்டும் வெட்டி, ஓரத்து மருந்தை பிளேடால் சுரண்டி, சிமென்ட் தடவி, ஓட்டைக்கு ஓட்டை பொருத்தி அழுத்த வேண்டும். அவசரத்தில் ஒரு அடியை வெட்டி எறிகிறவர்கள் உண்டு. எனக்கு அது பொறுக்காது. சத்தம் படத்துக்குச் சுமார் 20 பிரேம் முன்னால் ஓடுகிறது. ஒரு இடத்தில் வெட்டினால் பாட்டு ஒருமுறை நொண்டும், வாயசைப்பு தனியாக இன்னொருமுறை நொண்டும்.

இன்று ஹார்ட் டிஸ்க்கில் வரும் படம் தேய்வதில்லை. கடைசி ஊருக்கும் முழுசாகப் போகிறது. அதில் எனக்குச் சந்தோஷமே.

பிலிம் ஓட்டிய நாட்களில் ஒருநாள் இரண்டாம் ஆட்டம் விட்டதும் ஒரு வயதான அம்மா மெஷின் ரூம் படியருகே நின்றார்.

“ஏப்பா, திண்டுக்கல்ல பாத்தப்ப அந்தப் பாட்டு முழுசா இருந்துச்சே. இங்க ரெண்டு அடியக் காணோமே?”

“பல ஊர் சுத்தி வந்த பிரின்ட்டும்மா. தேஞ்சு போச்சு.”

“நாங்களும் காசு குடுத்துத்தானப்பா வந்தோம்.”

அவர் போன பிறகு அந்த ரீலை மறுபடி ரீவைண்டரில் மாட்டினேன். பாட்டுக்குள் மூன்று ஒட்டு இருந்தது, மூன்றும் லேசாக விட்டிருந்தன. காலையில் பெட்டி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். மூன்றையும் பிரித்து, ஒரு பிரேம்கூடப் போகாமல் மறுபடி ஒட்டி முடித்தபோது மணி இரண்டரை.