விளிம்பில் இருந்த பெயர்

முதல் உலகப் போருக்காக பிரிட்டிஷ் அரசு கொடுத்த போர் மெடல், 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெள்ளி வட்டம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ். மறுபக்கம், வில்லியம் மெக்மில்லன் வடித்த குதிரை வீரன். குதிரையின் காலடியில் பிரஷ்யக் கழுகுக் கேடயமும் மண்டையோடும் கிடக்கும். வெள்ளியில் மட்டும் சுமார் 65 லட்சம் கொடுத்தார்கள். அதனால் இது அபூர்வப் பொருள் இல்லை. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது விளிம்புதான். பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அங்கே பொறித்திருக்கும்.

அந்த விளிம்பில் இருந்ததைத்தான் நான் மறைத்தேன்.

பழைய மெடல்களை வாங்கிச் சேர்ப்பவன் நான். வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஓர் அம்மா தன் தாத்தாவின் மெடலை எடுத்து வந்து, எடைக்கு என்ன தேறும் என்று கேட்டார். பழைய வெள்ளி விலையைச் சொன்னேன். "சுத்தி ஏதோ எழுதியிருக்கே தம்பி, என்ன அது?" என்றார். மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு, அவருடைய தாத்தாவின் பெயர், எண். பார்த்த உடனே படித்துவிட்டேன். "அது செஞ்ச கம்பெனியோட முத்திரைம்மா" என்றேன். உள்ளதைச் சொன்னால் விற்க மாட்டார் என்று தெரிந்தே சொன்ன பொய்.

அந்த வீட்டில் இன்னொரு மெடலும் இருந்தது. தாத்தாவின் தம்பியுடையது, வெண்கலம். இந்திய, சீன, மால்டா கூலிப்படையினருக்கு, அதாவது மூட்டை சுமந்து பாதை போட்டவர்களுக்கு, அதே அச்சில் வெண்கலத்தில்தான் அடித்துக் கொடுத்தார்கள். எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். வெள்ளியைவிட எத்தனையோ மடங்கு குறைவு. ஆனாலும் "இது வேண்டாம்மா" என்று தள்ளிவைத்தேன். மனிதரைத் தரம் பிரித்து உலோகம் கொடுத்த அந்த அரசைப் பற்றிப் பல பேரிடம் கோபமாகப் பேசியிருக்கிறேன். என் பீரோவைத் திறந்தால் அத்தனையும் வெள்ளி. அந்தச் சாம்ராஜ்யத்தின் பாகுபாட்டை நானே கட்டிக் காத்திருக்கிறேன்.

நான் வாங்காவிட்டால் உருக்கியிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதும் உண்டு. 1980 வாக்கில் வெள்ளி விலை எகிறியபோது இந்த மெடல்கள் ஏராளமாக உருக்கப்பட்டது உண்மை. ஆனால் அந்த அம்மா உருக்கக் கேட்கவில்லை. பேரனுக்குக் காலேஜ் பீஸ் கட்டப் பணம் தேடிக்கொண்டிருந்தார். பெயரைப் படித்துக் காட்டிவிட்டு அந்தத் தொகையைக் கைமாற்றாகவே கொடுத்திருக்கலாம். எனக்கு அது பெரிய தொகை இல்லை.

மெடல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சேகரிப்பாளர்கள் கூடும் இடங்களில் அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறேன், பாராட்டும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பெயருக்கு உரியவரின் பேத்தியிடம் மட்டும் படித்துக் காட்டவில்லை. வீடு எனக்குத் தெரியும். திருப்பிக் கொடுக்கப் போனால், அன்று சொன்னது பொய் என்பதையும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியாக வேண்டும். அதற்குப் பயந்துதான் இதுவரை போகவில்லை.