முகம் காட்டாத மடல்கள்

பினாங்கில் வணிகம் செய்த என் பாட்டனார், ஊரிலிருந்த பாட்டிக்கு அரபுத் தமிழில் வரைந்த மடல்கள் 61 எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்தன. தொட்டால் மடிப்பு முறியும் தாள்கள். அவற்றைக் கணினியில் ஏற்றிவிட எண்ணிச் சென்ற ஆண்டு கடைத்தெருவிலுள்ள நகலகம் ஒன்றில் கொடுத்தேன். அங்கிருந்த இளைஞர் இரண்டு நாட்கள் பொறுமையுடன் ஸ்கேன் செய்து பென் டிரைவில் பதித்துத் தந்தார்.

இல்லம் வந்து, 'இர்ஃபான்வியூ' என்னும் படங்காட்டும் மென்பொருளில் அவற்றைப் பார்க்கலானேன். போஸ்னியாவில் பிறந்து வியன்னாவில் பயின்ற இர்ஃபான் ஷ்கில்யான் என்பவர் 1996இல் வெளியிட்ட மென்பொருள் அது. சொந்த உபயோகத்திற்கு இலவசம். 'இர்ஃபான்' என்பது 'அரஃப' என்னும் அரபு வினையடியில் பிறந்த சொல். மஃரிஃபத்தும் ஆரிஃபும் அதன் உடன்பிறப்புகள். அறிதல் என்று பொருள்படும் பெயருடைய ஒன்றின் முன் அமர்ந்துதான் நான் அறியாமல் நடந்துகொண்டேன்.

18 மடல்கள் மட்டுமே சிறுபடங்களாகத் தெரிந்தன. எஞ்சிய 43க்கும் வெற்றுச் சின்னமே நின்றது. நெஞ்சு பதறிவிட்டது. பையன் வெற்றுக் கோப்புகளைத் தந்து ஏமாற்றிவிட்டான் என்றே முடிவு கட்டினேன். மறுநாள் காலை, நாலு பேர் முன்னிலையில் அவரைக் கடிந்துகொண்டேன்.

"திறந்து பார்த்தீர்களா, ஹஜரத்?" என்று மெல்லக் கேட்டார்.

"பார்க்காமலா வந்தேன்?" என்றேன். உண்மையில் ஒன்றையும் நான் திறக்கவில்லை.

அன்றிரவு என் ராத்தாவின் மகன் தொலைபேசியில் பேசினான். "மாமா, கோப்பின் அளவு என்னவென்று பாருங்கள்" என்றான். ஒவ்வொன்றும் 2 எம்.பி.க்குக் குறையவில்லை. "வெற்றுக் கோப்புக்கு இவ்வளவு கனம் ஏது? பிரவுசரில் திறந்து பாருங்கள்" என்றான். திறந்தேன். பாட்டனாரின் கையெழுத்து பக்கம் பக்கமாக விரிந்தது.

பிறகுதான் காரணம் விளங்கிற்று. ஒற்றைப் பக்க மடல்களை இளைஞர் ஜேபெக் படங்களாக வைத்திருந்தார். பல பக்க மடல்களை, தாள்கள் சிதறாதிருக்க, பி.டி.எஃப். ஆவணங்களாகத் தொகுத்திருந்தார். நான் செய்யச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கருத்தாய்ச் செய்திருக்க முடியாது. ஜேபெக் என்பது படம். படங்காட்டி அதை நேரே படித்துவிடும். பி.டி.எஃப்.போ, 'இந்த எழுத்தை இங்கே வை, இந்தப் படத்தை அங்கே பதி' என்னும் கட்டளைகளின் கட்டு. அதைப் படித்துப் பக்கமாக்கித் தர மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும். இர்ஃபான்வியூவில் அப்பணியைச் செய்வது 'பிளகின்' எனப்படும் துணைநிரல். அதைத் தனியே நிறுவ வேண்டும். நானும் நிறுவித்தான் இருந்தேன். ஆனால் மென்பொருள் 64 பிட் வகை, துணைநிரலோ 32 பிட் வகை! ஒன்றுக்கொன்று பொருந்தாது. உதவிப் பட்டியலில் நிறுவப்பட்ட துணைநிரல்களைக் காணும் இடம் உண்டு. அங்கே பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

விண்டோஸின் கோப்புறையிலும் படங்கள் தோன்றவில்லையே என்றேன். அது வேறு கதையாம். 'எப்போதும் சின்னங்களையே காட்டு' என்னும் கட்டத்தில் குறியிட்டிருந்தது, அதை எடுத்தோம். பி.டி.எஃப். படிக்கும் மென்பொருளின் அமைப்பிலும் சிறுபட அனுமதி தர வேண்டியிருந்தது. கணினி சேமித்து வைத்திருந்த பழைய சிறுபடங்களையும் அழிக்கச் சொன்னான். கை நடுங்கிற்று. "அவை நிழல்கள்தாம் மாமா, மூலத்துக்கு ஒன்றும் ஆகாது" என்றான். சரியான துணைநிரலை நிறுவியதும் 61 மடல்களும் வரிசையாக முகம் காட்டின.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நகலகத்திற்குச் சென்றேன். அன்று நாலு பேர் முன்னிலையில் கடிந்தேன். இன்றும் கடையில் ஆட்கள் இருக்கட்டும் என்று வாசலில் சற்றுக் காத்திருந்தேன். பிழை என்னுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"அந்த எழுத்து அரபி மாதிரி இருக்கிறது, ஆனால் எனக்கு ஓதத் தெரிந்த அரபியாக இல்லையே, என்னதான் எழுதியிருக்கிறார் ஹஜரத்?" என்று கேட்டார்.

அவருடைய கணினியிலேயே ஒரு மடலைத் திறந்து, கிணற்றுக்கு உறை இறக்கியாயிற்றா என்று பாட்டனார் கேட்டிருந்த வரியை வாசித்துக் காட்டினேன்.