பொனட்டின் நடு மேடு

நான் முதன்முதலில் கையில் எடுத்த ரெசின் வார்ப்பு ஒரு மொரிஸ் மைனர். 1:43 அளவு, நீளம் ஒன்பது சென்டிமீட்டர்கூட வராது. அப்போது பண்டாரவளையில் ஒரு கராஜில் டிங்கர் வேலை பழகிக்கொண்டிருந்தேன். கொழும்பிலிருந்து வந்து போகும் ஒருவர் சின்னக் கார்கள் சேர்ப்பவர். தன் பெரிய காருக்கு நான் பட்டி வைத்ததைப் பார்த்துவிட்டு, "இதையும் செஞ்சு தாங்க தம்பி" என்று ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். பூனாகலைக்குத் திரும்பும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன். அன்றிரவே லயத்துக் காம்பராவில், அம்மா கொழுந்துக் கூடையை மாட்டும் ஆணிக்குக் கீழே உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டேன். பொனட்டின் நடுவில் மூக்கிலிருந்து முன்கண்ணாடி வரை பட்டையாக ஒரு மேடு ஓடியது. அதன் இரு ஓரத்திலும் இரண்டு கோடு. அச்சின் பாதிகள் சேர்ந்த இடத்துத் தழும்பு என்று நானே முடிவு கட்டி, 400 வோட்டர் பேப்பரால் இடப்பக்கக் கோட்டை வழித்துவிட்டேன்.

மறுநாள் கராஜில் பெருமையாகக் காட்டினேன். மூத்த பாஸ் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய், மூலையில் நின்ற உண்மையான மொரிஸ் மைனரின் பொனட்டில் என் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கைக்குக் கீழே அந்த மேடு இருந்தது.

"இது அச்சுக்கோடு இல்லடா. இதுதான் கார்."

அதன் கதை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். மாதிரிக் கார் ஒடுங்கித் தெரிகிறதே என்று அதை நெடுக்காக இரண்டாக வெட்டச் செய்து, பாதிகளை விலக்கி விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினால் சரி என்று நிறுத்தினாராம். நடுவில் சேர்ந்த அந்த நான்கு அங்குலம்தான் பொனட்டில் மேடாக நிற்கிறது. 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்த நாளிலிருந்து 1970களின் தொடக்கம் வரை ஏறக்குறைய பதினாறு லட்சம் வண்டிகள் அந்த மேட்டோடு ஓடின. எங்கள் மலைநாட்டு டவுன்களில் ஹயருக்கு நின்றவையும் அவைதான். இறக்குமதி இறுகிய காலத்தில் ஒரு வண்டியை மூன்று தலைமுறை வைத்து ஓட்டினோம். பின்னாளில் இலங்கையிலேயே மொரிஸ் மைனருக்குத் தகடு அடித்து, இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கு அனுப்பினார்கள். அப்படிப்பட்ட காரின் நான்கு அங்குலம், நாற்பத்து மூன்றில் ஒரு பங்காகும்போது 2.4 மில்லிமீட்டர். அதில் பாதியைத்தான் நான் ஒரு இரவில் தேய்த்துக் கழுவிவிட்டிருந்தேன்.

அன்றிலிருந்து எந்த வார்ப்பு வந்தாலும் பேப்பருக்கு முன்னால் பென்சிலைத்தான் எடுப்பேன். அந்தக் காரின் படங்களை நாலு பக்கமும் பார்ப்பேன். முடிந்தால் உண்மையான வண்டியையே தேடிப் போவேன். காருடைய கோட்டுக்கு ஒரு குறி, வார்ப்பினால் வந்த கோட்டுக்கு வேறு குறி. கூரை ஓரத்து மழைக்கால், கதவின் மடிப்பு, மட்கார்ட் உடம்போடு சேரும் பள்ளம், இவை எல்லாம் தேய்க்கிற கைக்குக் குறை மாதிரியே தெரியும். பழகிய கையும் ஏமாறும்.

அதற்கும் முன்னால் கழுவ வேண்டும். அச்சிலிருந்து சுலபமாகக் கழல அதில் பூசிய எண்ணெய்ப் பசை உடலில் ஒட்டியிருக்கும். அதன் மேல் எந்தப் பெயின்டும் நிற்காது. பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல்துலக்கி, வெதுவெதுப்பான தண்ணீர் போதும். கொதிக்கிற தண்ணீர் கூடாது. ரெசின் இளகி வளைந்துவிடும். ஆனால் ஏற்கனவே வளைந்து வந்த உடலை நேராக்குவதும் அந்தச் சூட்டால்தான். கை பொறுக்காத சூட்டில் ஒரு நிமிடம் முக்கி, கண்ணாடித் தட்டில் வைத்துச் சமமாக்கி, அப்படியே பச்சைத் தண்ணீரில் விட்டால் பிடித்துக்கொள்ளும். நான்கு சக்கர வளைவும் கண்ணாடியில் ஆடாமல் உட்காரும்வரை நான் வேறு எதையும் தொடுவதில்லை.

இனி குமிழி. இந்த வேலையில் பாதிக்கு மேல் குமிழியோடுதான்.

ரெசினின் இரண்டு போத்தல்களில் ஒன்றில் இருப்பது ஐசோசயனேட். ஈரம் பட்டால் அது கரியமில வாயுவை விடும். வாயு வெளியே போகும் முன் ரெசின் இறுகிவிட்டால் உள்ளே குமிழியாக நின்றுவிடும். ஊற்றும்போது சிக்கிய காற்று வேறு. எங்கள் பக்கம் ஒக்டோபர் தொடங்கினால் தை வரை மூட்டமும் மழையும், சுவரே வியர்க்கும். அந்த மாதங்களில் நான் ஊற்றிய வார்ப்புகளை எடுத்துப் பார்த்தால் ஆப்பம் மாதிரி இருக்கும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் வீசும்போது நிலைமை வேறு. ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவது அந்த உலர்காற்றில்தான் என்று ஸ்டோரில் வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். என் ரெசினும் பெயின்டும் அந்தக் காற்றுக்காகத்தான் காத்திருக்கும். அதனால் வார்ப்பதையும் கடைசிப் பூச்சையும் கச்சானுக்கு வைத்துக்கொண்டு, மழை மாதங்களைத் தேய்ப்புக்கும் பட்டிக்கும் ஒதுக்கிவிட்டேன்.

காற்று மேலே போகப் பார்க்கும். போக வழியில்லாத முனையில் தங்கும். அதனால் குமிழி எங்கே இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்: கதவுக் கண்ணாடிச் சட்டத்தின் மூலை, சக்கர வளைவின் உதடு, மழைக்காலின் அடி, பம்பரின் நுனி. வெளியே திறந்து கிடக்கும் ஓட்டை நல்ல ஓட்டை. காகிதத்தைவிட மெல்லிய தோலுக்குக் கீழே ஒளிந்திருப்பதுதான் ஆளைக் கவிழ்க்கும். ஒருமுறை கரும்பச்சைக் கார் ஒன்றை முடித்து அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். மூன்று மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து படம் வந்தது. வாங்கியவரின் கண்ணாடி அலுமாரியில், சித்திரை வெக்கையில், கூரையில் மூன்று கொப்புளம். உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து தோலைத் தூக்கியிருந்தது. குறை என்னுடையது. திருப்பி எடுத்து, பெயின்டை உரித்து, மறுபடி முதலிலிருந்து செய்தேன்.

அதற்குப் பிறகு கண்டுபிடித்த வழி இது. இரவில் லைட்டை அணைத்துவிட்டு, போன் டோர்ச்சை உடலுக்கு உள்ளே வைப்பேன். வெளிர்நிற ரெசின் நெருப்பு மாதிரிச் சிவந்து ஒளிரும். குமிழி இருக்கும் இடம் மட்டும் அரிசிக் குருணை போலப் பளிச்சென்று தெரியும். ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிட்டு, தையல் ஊசியால் குத்தித் திறந்துவிடுவேன். சாம்பல்நிற ரெசினில் இது நடக்காது. அதற்கு ஊசி முனையால் ஓரம் முழுக்க மெதுவாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். தோல் மெல்லியதாக இருந்தால் முனை அமிழும்.

திறந்த ஓட்டையை அப்படியே அடைக்கக் கூடாது. அரை மில்லிமீட்டர் துளைக்கம்பியை விரல்களால் உருட்டி, வாய் அகலமாகவும் உள்ளே ஒடுங்கியும் வருமாறு விரிக்க வேண்டும். அப்போதுதான் அடைப்பு பற்றும். அடைப்புக்கு நான் சூப்பர் க்ளூவோடு குழந்தைப் பவுடரைக் குழைப்பேன். ஊசிமுனையில் எடுத்து ஓட்டையின் அடியில் தொட்டு, மேலே கொஞ்சம் பொம்மிக்கொள்ளும் அளவுக்கு விட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் அது ரெசினைவிடக் கடினமாகிவிடும். சுற்றியுள்ள ரெசின் தேய்ந்து இறங்கும், அடைப்பு மட்டும் கொப்புளமாக நிற்கும். மேலோட்டமான கீறலுக்குத்தான் பட்டி. அதுவும் ஒரே தடவையில் அப்பாமல், இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக. பட்டி காய்ந்தது போலத்தான் தெரியும். உள்ளே இருக்கும் திரவம் போகப் போகத்தான் அது இறங்கும். மழைக்காலத்தில் நான் மூன்று நாள் விடுவேன்.

தேய்ப்பது எப்போதும் தண்ணீரில்தான், முகக்கவசத்தோடு. ஸ்டோரில் சலிக்கிற பக்கம் நின்றவர்களின் இருமலைக் கேட்டு வளர்ந்தவன் நான். ரெசின் தூசு அதைவிடக் கெட்டது. தட்டையான இடத்துக்கு ஐஸ்கிறீம் குச்சியில் ஒட்டிய பேப்பர். வளைவுக்குக் கராஜில் பெரிய கார்களுக்கும் பிடித்த அதே சாமான், பழைய ரப்பர் செருப்பின் அடித்துண்டு. விரல் நகம் அளவுக்கு வெட்டியது. வெறும் விரலால் பேப்பரைப் பிடித்தால் விரல் பள்ளத்துக்குள் இறங்கிப் பள்ளத்தையே ஆழமாக்கும்.

பிறகு சாம்பல் பிரைமர் மெல்லிதாக ஒரு பூச்சு. அதன் மேல், தொலைவிலிருந்து கறுப்புப் பெயின்டைத் தூறல் போல ஒரே ஒரு வீச்சு. காய்ந்ததும் 1000 பேப்பரால் தடவினால் மேடு சாம்பலாகும், பள்ளத்தில் கறுப்பு தங்கும். கண்ணுக்குப் படாமல் தப்பிய ஊசித்துளை எல்லாம் கரும்புள்ளியாக வந்து நிற்கும். இது கராஜ் வழக்கம்தான். ஆனால் சின்னக் காருக்கு இன்னும் அவசியம். அரை மில்லிமீட்டர் துளை என்றால் பெரிய காரில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல், ஏறக்குறைய ஐந்து ரூபாய்க் குற்றி அளவு. அப்படி ஓட்டையோடு யார் ஒரு காரை வெளியே விடுவார்கள்? அடைக்கிறது, பிரைமர், கறுப்பு, தேய்ப்பு என்று நாலைந்து சுற்று போகும். ஒரு கூரைக்கு ஒன்பது சுற்று போனதுண்டு.

கதவுக் கோட்டையும் இந்தக் கட்டத்தில்தான் பார்க்க வேண்டும். பெரிய காரில் கதவு இடைவெளி நான்கு மில்லிமீட்டர் என்றால் இங்கே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிரைமர், நிறம், வார்னிஷ் மூன்றும் சேர்ந்த தடிப்பே அந்த அளவுக்கு வந்துவிடும். ஆகவே பெயின்ட் வந்து நிரப்பப்போவதை முன்கூட்டி நினைத்து, பிளேட்டின் முதுகால் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாக்கி வைக்கிறேன். கை வழுக்கினால் கதவில் கீறல். மறுபடி பட்டி, மறுபடி மூன்று நாள். அவசரம் இருக்கிற நாளில் நான் கோடு போட உட்காருவதில்லை.

அந்த முதல் மொரிஸ் மைனருக்கு வருகிறேன். தயிர்க் கோப்பையின் பிளாஸ்டிக்கிலிருந்து 2.4 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு கீற்று வெட்டினேன். மிச்சமிருந்த வலப்பக்கக் கோட்டையும் தேய்த்துச் சமமாக்கிவிட்டு, நூல் பிடித்து நடுவில் ஒட்டினேன். மூக்குப் பக்கம் அது வளைந்து இறங்க வேண்டும். மூன்று கீற்று உடைந்து நான்காவதுதான் உட்கார்ந்தது. ஓரம் இரண்டிலும் பட்டியைத் தூரிகையால் கரைத்து விட்டு, கோடு மழுங்காமல் குச்சியால் தேய்த்தேன். இரண்டு வாரம் பிடித்தது.

பிரைமர் காய்ந்த அன்று பாஸிடம் கொண்டுபோனேன். அவர் பார்க்கவில்லை. தோளில் கிடந்த மெல்லிய துணியைக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடி, மூக்கிலிருந்து முன்கண்ணாடி வரை ஓட்டினார். துணி போட்டால் கைக்கு மேடு பள்ளம் கூடத் தெரியும் என்று பழக்கியவரும் அவர்தான். திரும்ப ஒருதரம் ஓட்டினார். இடப்பக்க ஓரத்தில், முன்கண்ணாடிக்குக் கிட்ட, விரல் நின்றது.

"இந்த எடத்துல மட்டும் ஒரு மயிரளவு. எடுத்துட்டுப் பெயின்ட அடி."