கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அத்தை

"அத்தே, காலைக் கொஞ்சம் மடக்குங்க, கதவைத் திறக்கணும்!" என்று வெளியே நின்று கத்துகிறேன். உள்ளே என் மாமியார் தரையில் உட்கார்ந்திருப்பது கண்ணாடி வழியே தெரிகிறது. கதவைத் தள்ளினால் அவருடைய காலில் இடிக்கிறது. தாழ்ப்பாள் கிடையாது, பூட்டு கிடையாது. ஆனாலும் திறக்க முடியவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சகோதரிகளே, குளியலறையில் சட்டமில்லாத கண்ணாடிக் கதவு போட ஆசைப்படும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆசை எனக்கு எப்படி வந்தது தெரியுமா? சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது தங்கிய ஓட்டலில்தான். ஷவருக்கு மட்டும் ஒரு கண்ணாடி அறை. குளித்துவிட்டு வந்தால் மற்ற இடமெல்லாம் பொட்டு ஈரமில்லை. எங்கள் ஊர் கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகி, எங்கள் தெருவிலும் புது வீடுகள் எழும்பின. நாங்களும் கட்டினோம். "என்னங்க, அந்த மாதிரி ஒண்ணு நமக்கும் வேணும்" என்று இவரிடம் பிடிவாதம் பிடித்தேன். அத்தைக்குத்தான் பிடிக்கவில்லை. கல்வராயன் மலை அடிவாரத்தில் கச்சிராயபாளையத்தில் பிறந்து வளர்ந்தவர். கீற்றுத் தட்டி மறைப்பில், கொத்திய கருங்கல்மேல் நின்று குளித்துப் பழகியவர். "கண்ணாடிப் பெட்டிக்குள்ள என்னை ஏன்டி நிறுத்தறே?" என்று சிரித்தார்.

நான் செய்த முதல் தப்பு, அவசரம். கிரகப்பிரவேசத்துக்குள் முடிய வேண்டுமே என்று, சுவரில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே அளவெடுக்கச் சொல்லிவிட்டேன். டைல்ஸும் அதன் அடியில் பூசிய கலவையும் சேர்ந்து சுவர் முன்னால் வந்துவிட்டது. கண்ணாடி வந்து இறங்கியபோது ஒரு விரற்கடை அதிகம். "ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக்கலாமே" என்றேன். பொருத்த வந்த தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. குளியலறைக்குப் போடுவது டஃபன்டு கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர்காற்றை அடித்து ஆற வைப்பார்கள். அதனால் பலம் நாலைந்து மடங்கு கூடும். உடைந்தாலும் கத்தி மாதிரி சில்லாகாமல் கற்கண்டு போலப் பொடிப்பொடியாக உதிரும். ஆனால் அப்படிச் செய்த பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது, மொத்தமாக நொறுங்கிவிடும். ஆகவே டைல்ஸ் ஒட்டி முடித்து, தரைச் சரிவும் சரியான பிறகுதான் அளவு. அதுவும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். சுவர் எங்கே நேராக இருக்கிறது! எங்களுக்கு ஒரு கண்ணாடியின் காசு தண்டம்.

இரண்டாவது முறை உஷாரானேன். கண்ணாடி மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினோம். எங்கள் கதவு இரண்டரை அடிக்கு ஆறரை அடி, 8 மில்லிமீட்டர் தடிமன். எடை சுமார் 30 கிலோ! 10 மில்லிமீட்டர் என்றால் 38 கிலோ வரும். இத்தனை பாரத்தையும் இரண்டு கீல்களே தாங்க வேண்டும். கீல் பித்தளையாகவோ 304 ரக எவர்சில்வராகவோ இருக்கட்டும். திருகு செங்கல் சுவரில் ஆழமாகப் பிடிக்க வேண்டும். டைல்ஸோடு நின்றால் போதாது. கண்ணாடியின் பலவீனம் அதன் ஓரத்தில்தான். நடுவில் தட்டினால் தாங்குவது, மூலை தரையில் லேசாக இடித்தாலே நொறுங்கலாம். இறக்கி வைக்கும்போது அடியில் சாக்கோ அட்டையோ போடச் சொல்லுங்கள்.

இவ்வளவும் பார்த்தவள், முக்கியமான ஒன்றைக் கோட்டை விட்டேன். கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதுதான் அது. வெளியே திறந்தால் வாஷ்பேசினில் இடித்தது. "உள்ளேயே திறக்கட்டும், தண்ணியும் உள்ளேயே சொட்டிடும்" என்று நானே சொல்லிவிட்டேன்.

மூன்றாம் மாதம் அத்தை வழுக்கி விழுந்தார். எழுந்திருக்கத் துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்திருக்கிறார். அது கையோடு வந்துவிட்டது. உடைத்துக்கொண்டு போகலாமா என்றால் 30 கிலோ கண்ணாடியும் அவர் தலைமேல்தான் கொட்டும். நான் அழுதுகொண்டே, "அத்தே, சுவர்ப் பக்கமா கொஞ்சம் கொஞ்சமா நகருங்க" என்று சொல்லச் சொல்ல, கால் மணி நேரம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். நல்ல வேளை, இடுப்பு எலும்பு தப்பியது. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு பலம் குறைகிறது. அந்த வயசில் ஒரு வழுக்கல், படுக்கையில் தள்ளிவிடும்.

மறு வாரமே வாஷ்பேசினை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். கீல் இரு பக்கமும் திரும்பும் ரகம். ஓரத்தில் இருந்த தடுப்பு ரப்பரை மாற்றியதும் கதவு வெளியே திறந்தது. ஆள் தாங்கும் எவர்சில்வர் கைப்பிடி ஒன்றைச் சுவரில் பதித்தோம். தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ் போட்டோம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் உள்ளே போட்டாயிற்று. கண்ணாடி இருப்பது தெரியாமல் குழந்தைகள் ஓடி வந்து மோதாதபடி, இடுப்பிலிருந்து மார்பு உயரம் வரை வெள்ளைப் படலம் ஒட்டினோம். அத்தையின் வெட்கத்துக்கும் அது திரையாயிற்று.

பராமரிப்பு ஒன்றும் பிரமாதமில்லை. எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். இரண்டே நாளில் வெள்ளை வெள்ளையாகப் படியும். குளித்து முடித்தவர் ரப்பர் வைப்பரால் ஒரு தடவை இழுத்துவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். வாரம் ஒருமுறை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்து, நல்ல தண்ணீரில் அலசுவேன். ஆசிட்டும் கம்பி நாரும் கூடவே கூடாது.

போன மாதம் வெள்ளிமலையில் இருக்கும் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, எங்க வீட்லயும் கண்ணாடிக் கதவு போடலாமா?" என்றாள். மலையில் ஷவர் ஏது? வெந்நீரைப் பக்கெட்டில் விளாவி, மொண்டு ஊற்றிக் குளிக்கிறவர்கள் அவர்கள். "உனக்குக் கதவே வேணாம்மா. அந்தக் காசுல சொரசொரப்பா தரை போடு, சுவர்ல கெட்டியா ஒரு கைப்பிடி வை" என்றேன்.

பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அத்தை, "அப்படியே கதவு வெளியே திறக்கணும்னும் சொல்லுடி" என்றார். அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.