தியரியில் பாஸ், கேஸில் பெயில்

“பிளஸ் டூ முடிச்ச பொண்ணை பிஸியோதெரபியில சேர்க்கலாமா அக்கா?” என்று எங்கள் மரக்காணம் பக்கத்தில் இப்போதெல்லாம் பலர் என்னிடம் கேட்கிறார்கள். என் மகள் அந்தப் படிப்பு படித்தவள் என்பதால் நான் ஏதோ தெரிந்தவள் என்று நினைப்பு. தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் எவ்வளவு என்பதோடு திரும்பி வந்துவிடாதீர்கள் சகோதரிகளே. பரீட்சை விதிகளையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

என் மகள் சேர்ந்தபோது இது நான்கு வருடப் படிப்பு, அதன்மேல் ஆறு மாதம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. முதல் வருடம் உடம்பின் எலும்பும் தசையும் நரம்பும். பிறகு உடற்பயிற்சி சிகிச்சை, மின்சார சிகிச்சை. கடைசியில் பக்கவாதம், இதயம், நுரையீரல் என்று போகும். முக்கியமான பாடங்களுக்கு எழுத்துப் பரீட்சை தனி, பிராக்டிகல் தனி. இரண்டிலும் தனித்தனியாக 100-க்கு 50 வாங்க வேண்டும். தியரியில் 80 வாங்கினாலும் பிராக்டிகலில் 45 என்றால் பெயில்தான். கூட்டிப் பார்த்துப் பாஸ் போட மாட்டார்கள்.

எங்கள் மகள் கடைசி வருடம் நரம்பு சம்பந்தமான பாடத்தில் தியரியில் 71 வாங்கினாள். பிராக்டிகலில் 44.

என்ன நடந்தது என்று அவளே சொன்னாள். இந்தப் பிராக்டிகலில் நிஜ நோயாளியை எதிரே உட்கார வைத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் கேஸ். வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் ஒருவர், சொந்தக் கல்லூரிப் பரீட்சகர் ஒருவர். இவளுக்கு வந்தவர் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோன ஒரு பெரியவர். தோளில் வலி. இவள் கையைத் தூக்கிப் பார்த்தாள், கோணம் அளந்தாள், எல்லாம் சரியாகச் சொன்னாள். வலிக்கு என்ன செய்வாய் என்றார்கள். சூட்டு ஒத்தடம் வைப்பேன் என்றாள். “அந்தத் தோலில் சூடு தெரியுதான்னு பார்த்தியாம்மா?” என்று வெளியூர்க்காரர் கேட்டார். பார்க்கவில்லை.

அது இரண்டாம் வருடப் பாடம். ஒரு கண்ணாடிக் குழாயில் வெந்நீர், இன்னொன்றில் குளிர்ந்த நீர். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, மாற்றி மாற்றித் தோலில் வைத்து எது சூடு, எது குளிர்ச்சி என்று கேட்க வேண்டும். அதன் பிறகே ஒத்தடம். கடைசி வருடப் பரீட்சை என்றால் அந்த வருடப் புத்தகம் மட்டும் இல்லை. முதல் நாளிலிருந்து படித்த அத்தனையும் அந்த ஒரு நோயாளி உருவில் எதிரே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

வீட்டில் பூகம்பம். பிராக்டிகலில் போனால் தியரியும் சேர்த்து மறுபடி எழுத வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அடுத்த பரீட்சை ஆறு மாதம் கழித்து. அதுவரை பயிற்சிக்கும் போக முடியாது. இவர் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவர். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணீர். தை வரைக்கும் கையில் காசு புரளாது. பரீட்சைப் பணம் கட்ட என் வளையல் இரண்டும் அடகுக் கடைக்குப் போயின. என் நாத்தனார் வந்து, “நாலு வருஷம் படிச்சது போதும் அண்ணி, வர்ற தையில கல்யாணத்தை முடிச்சுடுங்க” என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் பக்கம் அப்படித்தான் பேசுவார்கள்.

“71-ம் 44-ம் கூட்டினா 115. பாதிக்கு மேலதானே இருக்கு?” என்று நான் இவரிடம் கேட்டேன். இவர் சிரித்துவிட்டார். “ஒரு பாத்தி வெள்ளையா விளைஞ்சிருக்குன்னு பக்கத்துப் பாத்திச் சேத்து உப்பையும் சேர்த்து வியாபாரி எடுத்துக்குவானா?”

அந்த மழைக் காலத்தில்தான் அந்த விதியின் அர்த்தம் எனக்கு நன்றாக விளங்கியது. மகள் வீட்டிலேயே இருந்து படித்தாள். காலையில் தியரி; மாலையில் என் மாமியார், அண்டை அயல் பெண்கள் என்று பிடித்து உட்கார வைத்து, கேஸ் பார்ப்பதுபோல் பழகுவாள். உப்பளத்தில் பல வருடம் உப்பு வாரிய ஒரு அம்மாளும் வந்தார்கள். சர்க்கரை நோய் உண்டு. கால் வலிக்கிறது, எரிகிறது என்பார்கள். நம் வீடுகளில் என்ன செய்வோம்? கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்போம். உப்புக்குப் பஞ்சமில்லாத ஊர் அல்லவா! அந்த அம்மாளும் தினமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். மகள் இரண்டு குழாயையும் பாதத்தில் வைத்துக் கேட்டாள். “இதுவும் ஒண்ணுதான், அதுவும் ஒண்ணுதான் கண்ணு” என்றார்கள். காலைத் தூக்கிப் பார்த்தால் குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு கொப்புளம் உடைந்து கிடக்கிறது. அவர்களுக்கே தெரியவில்லை. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தோம்.

உணர்ச்சி இல்லாத தோலுக்குச் சூடு எவ்வளவு கெடுதல் என்பதற்கு மகள் ஒரு விஷயம் சொன்னாள். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளைக் கவனித்து ஒன்றைக் கண்டுபிடித்தாராம். அவர்கள் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும்தான் பெரும்பாலும் கெடுகின்றன என்று. ஆகவே வீட்டில் சர்க்கரை உள்ளவர்களுக்கோ பக்கவாதம் வந்தவர்களுக்கோ டாக்டரைக் கேட்காமல் வெந்நீர்ப் பையையும் உப்பு முடிச்சையும் எடுக்காதீர்கள். பரீட்சையில் தவறவிட்டால் 44 மார்க்கோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் தவறவிட்டால் யாரோ ஒருவருடைய தோள் வெந்துபோகும். தனித்தனி பாஸ் வேண்டும் என்கிற விதியை நான் குறை சொல்ல மாட்டேன்.

குறை எனக்கு வேறு ஒன்றில். இந்த விதிகளை எங்களுக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. சேர்க்கும் அன்று ஃபீஸ் ரசீது மட்டும் கொடுத்தார்கள். தியரியும் மறுபடி எழுத வேண்டும் என்பதே மார்க் வந்த பிறகுதான் தெரிந்தது.

மகள் பிப்ரவரியில் எழுதி இரண்டிலும் பாஸ் செய்து, பயிற்சியும் முடித்துவிட்டாள். வெளிநாட்டுக்குப் போகலாமே என்கிறார்கள். அங்கேயும் பரீட்சைதான்! அமெரிக்காவில் வேலை பார்க்க வேண்டுமென்றால் தேசிய அளவில் ஒரு பரீட்சை; 200-லிருந்து 800 வரை போடும் மார்க்கில் 600 எடுக்க வேண்டும். ஆயுளுக்கும் ஆறு தடவைதான் எழுத விடுவார்களாம். வளையலை முதலில் மீட்போம் என்று இருக்கிறேன்.

இந்தப் படிப்பின் விதிகளும் மாறி வருகின்றன. 2021-ல் பிஸியோதெரபி உள்ளிட்ட துறைகளுக்கு மத்திய அரசு ஒரு சட்டம் போட்டு ஆணையம் அமைத்தது. 2025-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் ஒரு வருடப் பயிற்சியையும் சேர்த்து ஐந்து வருடம். ஆகவே என் மகள் படித்த கணக்கை வைத்துக்கொண்டு போகாமல், உங்கள் பெண் சேரும் வருடத்துக்கு எந்த விதி என்று கேளுங்கள். வருகைப் பதிவு எவ்வளவு குறைந்தால் பரீட்சைக்கு விடமாட்டார்கள்? ஒரு பாடம் போனால் அடுத்த வருட வகுப்பில் உட்காரலாமா? மறுபரீட்சை எந்த மாதம், அதுவரை ஹாஸ்டல் பணம் கட்ட வேண்டுமா? வாயால் சொன்னால் போதாது, அச்சடித்த தாளாக வாங்குங்கள். அது இங்கிலீஷில்தான் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் பெண்ணை உட்கார வைத்து, வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.